புளித்த மாவும் பங்காளி ரொட்டியும்



பரிசளிப்பு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, கடாரம் வென்ற சோழனைப் பற்றி எழுதலாமா, பிரான்சிஸ் லைட் 1786இல் பினாங்கில் வந்து இறங்கியதை எழுதலாமா என்றுதான் முதலில் எண்ணினேன். அவர்களைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் எழுதப் போவது ரொட்டியைப் பற்றி. சிரிக்காதீர்கள்! காலையில் பசியாறும்போது தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிடுகிறோமே, அதே ரொட்டிதான்.

இதற்குக் காரணம் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன். பாடத்தின் நடுவே எழுந்து, "டீச்சர், ரொட்டி வெள்ளைக்காரன் சாப்பாடுதானே? நம்மாளுக்கு அதுல என்னா சரித்திரம் இருக்கு?" என்று கேட்டான். "உட்காரப்பா, அப்புறம் சொல்றேன்" என்று சொல்லிவிட்டேன். உண்மையில் எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றிலிருந்து அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அவனுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்கே உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ரொட்டி என்பது வெறும் மாவும் தண்ணீரும் அல்ல. மாவைப் பிசைந்து உடனே சுட்டால் அது தட்டையாகத்தான் இருக்கும். மாவுக்குள் காற்று உண்டாகி, அது பொங்கி எழும்பினால்தான் நாம் அறிந்த ரொட்டி. பொங்க வைப்பது யார்? கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். நம் வீட்டுப் பெண்கள் இரவில் இட்லி மாவு அரைத்து வைக்கிறார்கள், விடிந்து பார்த்தால் குண்டான் நிறைய பொங்கி நிற்கிறது. அரிசியிலும் உளுந்திலும் ஏற்கனவே இருக்கும் நுண்ணுயிர்கள் மாவைத் தின்று, புளிப்பையும் காற்றையும் உண்டாக்குகின்றன. உளுந்தின் வழவழப்பு அந்தக் காற்றைப் பிடித்து வைக்கிறது. கோதுமையில் அந்த வேலையைச் செய்வது குளுட்டன் என்னும் பசை. ஆகவே இட்லியும் புளித்த மாவு ரொட்டியும் அக்கா தங்கை மாதிரி. ஒன்று ஆவியில் வேகிறது, மற்றொன்று அடுப்பில் சுடப்படுகிறது.

ரொட்டியின் வயதைக் கேட்டால் மலைத்துப் போவீர்கள். ஜோர்தான் நாட்டில் சுபைக்கா என்னும் இடத்தில், கருகிப்போன தட்டை ரொட்டித் துண்டுகளை ஆய்வாளர்கள் கண்டெடுத்து, 2018இல் அறிவித்தார்கள். அவை ஏறத்தாழ 14,400 ஆண்டுகள் பழமையானவை. மனிதன் பயிர் செய்யத் தொடங்குவதற்கு முன்பே, காட்டுத் தானியத்தைப் பொறுக்கி இடித்து ரொட்டி சுட்டிருக்கிறான்! அது பொங்காத ரொட்டி. பொங்கிய ரொட்டியைப் பெருவாரியாகச் சுட்டவர்கள் பழங்கால எகிப்தியர்கள். அங்கிருந்து அவசரமாகப் புறப்பட்ட யூதர்களுக்கு மாவு புளிக்கும்வரை காத்திருக்க நேரமில்லை. அதனால்தான் தமிழ் விவிலியத்தில் 'புளிப்பில்லாத அப்பப் பண்டிகை' என்று படிக்கிறோம். ரோமானியரான பிளினி, முதல் நாள் பிசைந்த மாவில் கொஞ்சம் எடுத்து வைத்து மறுநாள் மாவில் கலப்பதைப் பற்றி எழுதியிருக்கிறார். உறை ஊற்றும் நம் தயிர்ப் பழக்கமும் இதுதானே!

இப்படிப் பல்லாயிரம் ஆண்டுகளாக, ரொட்டி என்றாலே புளித்த மாவு ரொட்டிதான். அல்லது மதுவின் நுரையைக் கலந்த ரொட்டி. பொங்குவது ஏன் என்று மட்டும் ஒருவருக்கும் தெரியாது. 1857இலிருந்து சில ஆண்டுகள் பிரான்சு நாட்டு லூயி பாஸ்டர் ஆராய்ந்து, இது உயிருள்ள நுண்ணுயிர்களின் வேலை என்று மெய்ப்பித்தார். அதன் பிறகு தொழிற்சாலைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஈஸ்ட்டை மட்டும் தனியே வளர்த்து, கட்டியாக அழுத்தி விற்கத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் பிளைஷ்மேன் சகோதரர்கள் 1868இல் தொடங்கிய தொழில், 1876இல் பிலடெல்பியாக் கண்காட்சிக்குப் பிறகு நாடெங்கும் பரவியது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினருக்காக உலர்ந்த ஈஸ்ட் தயாரானது. இன்று நாம் கடையில் வாங்கும் சிறு பொட்டலம் அதன் வழிவந்ததே. பொட்டலம் வந்தது, வேலை சுலபமாயிற்று. பழைய புளித்த மாவை மக்கள் மறந்தார்கள்.

சரி, நம் கதைக்கு வருவோம்.

ஆசியாவின் கடற்கரைகளுக்கு அடுப்பு ரொட்டியைக் கொண்டு வந்து பரப்பியவர்களில் முக்கியமானவர்கள் போர்த்துக்கீசியர்கள். இலங்கைத் தமிழர்கள் இன்றும் ரொட்டியைப் 'பாண்' என்கிறார்கள். அது போர்த்துக்கீசியச் சொல். கோவாவில் வந்து தங்கியவர்களுக்கு ஒரு சங்கடம் வந்தது. கோதுமை மாவு ஒருவாறு கிடைத்தது, பொங்க வைக்கும் நுரை கிடைக்கவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? தென்னங்கள்ளை ஊற்றிப் பிசைந்தார்கள்! மரத்திலிருந்து இறக்கிய சில மணி நேரத்திலேயே கள் நுரைக்கத் தொடங்கிவிடும். ரொட்டியைப் பொங்க வைக்கும் ஈஸ்ட் அதில் ஏராளம். கோவாவின் 'பொய்' என்னும் ரொட்டி இப்படிப் பிறந்ததே. நம்மவர்கள் அதே கள்ளைத்தான் அரிசி மாவில் ஊற்றி ஆப்பம் சுட்டார்கள். கேரளத்திலும் இலங்கையிலும் இதே வழக்கம் உண்டு. ஆகவே ரொட்டியை வெள்ளைக்காரன் கொண்டு வந்தான் என்பது பாதி உண்மை. அதை இந்த மண்ணில் பொங்க வைத்தது நம்முடைய தென்னை மரம்.

மதராசில் இருந்த ஆங்கிலேயப் பட்டாள அதிகாரி கென்னி ஹெர்பர்ட் என்பவர், 1878இல் ஒரு சமையல் புத்தகம் எழுதினார். ரொட்டியை வீட்டிலேயே சுடுங்கள், பேக்கிங் பவுடர் போட்டுச் சுடுங்கள் என்று துரைசானிகளுக்கு அதில் பக்கம் பக்கமாய் அறிவுரை சொல்கிறார். படித்தால் சிரிப்பு வரும். துரைசானி எங்கே பிசைந்தாள்? பிசைந்தவனும் அடுப்பு மூட்டியவனும் நம்மவன்தான்!

தலச்சேரியில் 1880இல் மாம்பள்ளி பாப்பு என்பவர் ஒரு பிஸ்கட் கடை வைத்தார். அவர் பர்மாவில் தொழில் கற்றவர். 1883இல் மர்டாக் பிரவுன் என்னும் தோட்டத்துரை, சீமையிலிருந்து வந்த கேக் ஒன்றைக் காட்டி, "இதேபோல் செய்ய முடியுமா?" என்று கேட்டாராம். சீமைச் சரக்குக்குப் பதிலாக, முந்திரிப் பழத்தையும் கதலி வாழைப்பழத்தையும் புளிக்க வைத்துக் கலந்து பாப்பு கேக் செய்து கொடுத்தார் என்று அவ்வூரார் சொல்கிறார்கள். துரை சாப்பிட்டுவிட்டு மேலும் ஒரு டஜன் கேட்டாராம்.

இனி பினாங்கு. 1928ஆம் ஆண்டு முதல் ஜார்ஜ் டவுன் டிரான்ஸ்பர் சாலையில் ஒரு ரொட்டிக் கடை உண்டு. தமிழ் முஸ்லிம்கள் நடத்தி வந்த கடை அது. அங்கே சுடும் ரொட்டிக்கு 'ரொட்டி பெங்காலி' என்று பெயர். மேலே கருஞ்சிவப்பாய் மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. தடிமனாக அறுத்துக் காயா பூசியும் சாப்பிடலாம், கோழிக் கறிக் குழம்பிலும் தோய்க்கலாம். பெங்காலி என்றால் வங்காளம் அல்லவா, வங்காளத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு? பலர் சொல்லும் விளக்கம் இதுதான்: கடையில் வேலை செய்தவர்களுக்கும் பங்கு கொடுத்து, எல்லாரும் பங்காளிகளாக நடத்தினார்கள், பங்காளி ரொட்டி என்ற தமிழ்ச் சொல்தான் மலாய்க்காரர் வாயிலும் சீனர் வாயிலும் புகுந்து பெங்காலி ஆயிற்று. வங்காளத்தோடு சேர்த்துச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு என்னவோ பங்காளிதான் பிடித்திருக்கிறது. தமிழாசிரியைக்கு அந்த அளவு ஓரவஞ்சனை இருக்கலாம், தப்பில்லை!

சீனர்களில் ஹைனான்காரர்களும் இந்தத் தொழிலில் கெட்டிக்காரர்கள். வெள்ளைக்காரர் வீடுகளில் சமையல் வேலை பார்த்துக் கற்றுக்கொண்டு, பிறகு கோப்பிக் கடைகள் வைத்தார்கள். கரியடுப்பில் வாட்டிய ரொட்டியும், அரை வேக்காட்டு முட்டையும் அவர்கள் தந்ததே.

தோட்டத்துக்கு ரொட்டி எப்படி வந்தது?

நம் புக்கிட் தெங்கா இருக்கும் செபராங் பிறைப் பகுதியை, 1800இல் கெடா சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் பெற்றார்கள். 1840களில் இங்கே வெள்ளைக்காரர்களின் கரும்புத் தோட்டங்கள் பெருகின. அவற்றில் வேலை செய்யத் தமிழ்நாட்டிலிருந்து சஞ்சிக் கூலிகளாகக் கப்பலில் வந்தவர்கள் நம் முன்னோர். 1910இல் சஞ்சி முறை நிறுத்தப்பட்டது. கரும்பு போய் ரப்பர் வந்தது. கங்காணி அழைத்து வந்த ஆட்களுக்குக் கிடைத்தது பர்மா அரிசி. ரொட்டி துரை பங்களாவில் இருந்தது, லயத்தில் இல்லை.

என் பாட்டி 1940இல் பிறந்தவர். இந்த வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பால் வெட்டியவர். அவர் சொல்லும் கதை எந்தப் பாடநூலிலும் இல்லை. எனவே அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"வாரத்துக்கு ரெண்டு தரம் ரொட்டிக்கார பாய் சைக்கிள்ல வருவாரு. பின்னால ஒரு தகரப் பெட்டி. மணி அடிச்சா லயத்துப் புள்ளைங்க எல்லாம் ஓடும். வாங்குறது எங்க? வாசம் பிடிக்கத்தான்! சம்பளத்தன்னிக்கு மட்டும் எங்கப்பா ஒரு முழு ரொட்டி வாங்குவாரு. ராத்திரி நடுவுல அத வச்சுக்கிட்டு எல்லாரும் சுத்தி உட்காருவோம். கோழி அறுத்தாத்தான் கறி. இல்லேன்னா கருவாட்டுக் குழம்பு. அறுக்கக் கத்தி கெடையாது. எங்கம்மா கையாலதான் பிச்சுக் குடுப்பாங்க. மேல் தோலுக்குத்தான் சண்டை."

ஜப்பான்காரர் காலத்தைப் பாட்டி தம் தாயார் சொல்லக் கேட்டிருக்கிறார். 1941 டிசம்பரில் பினாங்கில் குண்டு விழுந்தது. பர்மா அரிசி நின்றது. கோதுமை மாவும் நின்றது. மரவள்ளிக் கிழங்குதான் சோறு, அதுதான் பலகாரம். மரவள்ளி மாவிலும் ரொட்டி சுட்டுப் பார்த்தார்களாம். களிமண் போல் இருந்ததாம். ஏன் என்று மாணவர்கள் இப்போது சொல்லிவிடுவீர்கள். மரவள்ளியில் குளுட்டன் கிடையாது. காற்றைப் பிடித்து வைக்க அதற்குப் பசை இல்லை. அந்த ஆண்டுகளில் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துப் போன தமிழர்களில் பலர் திரும்பவே இல்லை. பாட்டியின் தாய்மாமன் ஒருவர் அதில் சேர்த்தி. அந்தப் பேச்சு வந்தால் பாட்டி எழுந்து போய்விடுவார்.

போருக்குப் பிறகு வெளிநாட்டு மாவு மூட்டை மூட்டையாக மீண்டும் வந்தது. அந்த வெள்ளைச் சாக்கைத் துவைத்துப் பிள்ளைகளுக்குக் கால்சட்டை தைத்தார்கள். எவ்வளவு துவைத்தாலும் எழுத்து போகாதாம்! 1960களில் போர்ட் கிள்ளானிலும் லுமுட்டிலும் கோதுமை அரைக்கும் ஆலைகள் தொடங்கின. மாவு எளிதாகக் கிடைத்தது. ரொட்டி சம்பள நாள் பண்டம் என்ற நிலை மாறி, தினப்படிப் பண்டம் ஆயிற்று.

இனி எழுதப் போவதை எழுதலாமா என்று பல நாள் யோசித்தேன். பாட்டியிடம் கேட்டேன். "எழுதும்மா, நாலு பேரு படிக்கட்டும்" என்றார்.

பாட்டியின் தாயார் தீபாவளிக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் ஆப்பம் சுடுவாராம். மாவு பொங்கக் கள் வேண்டும். தோட்டத்துக் கள்ளுக்கடைக்குச் சின்ன போத்தல் கொடுத்துப் பாட்டியை அனுப்புவார்கள். அந்தக் கடை வாசலில்தான் அவருடைய அப்பா விழுந்து கிடப்பார். "ஒரு கையில போத்தலு, இன்னொரு கையில எங்கப்பா" என்றார் பாட்டி. சம்பளத்தன்று ரொட்டி வாங்கிய அதே அப்பாதான். சில மாதம் ரொட்டி வந்தது, சில மாதம் வரவில்லை. வராத மாதம் ஏன் வரவில்லை என்று பிள்ளைகள் யாரும் கேட்டதில்லையாம்.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல என்பதைப் பெரியவர்கள் அறிவீர்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தபோது, அவர்கள் வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்று. 1946, 47ஆம் ஆண்டுகளில் நமக்கு அண்டை மாநிலமான கெடாவில், தொண்டர் படை இளைஞர்கள் தோட்டம் தோட்டமாகப் போய்க் கள்ளுக்கு எதிராகப் பிரச்சாரம் செய்தார்கள். பீடோங்கில் போலீசாருடன் மோதல் ஏற்பட்டு உயிர்ச் சேதமும் உண்டாயிற்று. கூலியைக் கொடுத்துவிட்டு, அந்தக் கூலியைத் தோட்டத்து எல்லைக்குள்ளேயே திரும்பப் பிடுங்கும் ஏற்பாடாகவே அவர்கள் கள்ளுக்கடையைக் கண்டார்கள். அவர்கள் கண்டதில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பாட்டி கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்த பிறகு ஆப்பம் சுடுவதையே விட்டுவிட்டார். அந்தப் போத்தலைத் தொடவே பிடிக்கவில்லையாம். அதனால் என் அம்மாவுக்கு ஆப்பம் சுடத் தெரியாது. எனக்கும் தெரியாமல் போயிற்று.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது நினைவிருக்கும். பள்ளி மூடியது. உலகமே வீட்டுக்குள் உட்கார்ந்து ரொட்டி சுடத் தொடங்கியது. கடையில் ஈஸ்ட் பொட்டலம் இல்லை. அப்போதுதான் பழைய முறை எனக்குத் தெரிய வந்தது. சுத்தமான போத்தலில் கோதுமை மாவும் தண்ணீரும் சம எடை போட்டுக் கலக்கி, லேசாக மூடி வைக்க வேண்டும். தினமும் பாதியை எடுத்துவிட்டு, அதே அளவு புது மாவும் தண்ணீரும் சேர்க்க வேண்டும். குளிர் நாடுகளில் ஒரு வாரம், பத்து நாள் ஆகும் இந்த வேலை, நம் வெயிலில் நாலைந்து நாளில் முடியும். மூன்றாம் நாள் நாற்றம் அடிக்கும், பயந்து கொட்டிவிடாதீர்கள். பிறகு தயிர் போலவும் பழம் போலவும் மணம் வரும். மாவு சேர்த்த ஐந்தாறு மணி நேரத்துக்குள் இரண்டு மடங்காகப் பொங்கினால் அது தயார்.

அரை கிலோ மாவு, 325 கிராம் தண்ணீர், 100 கிராம் புளித்த மாவு, 10 கிராம் உப்பு. என் முதல் ரொட்டியைப் பார்த்து, "இத வச்சு தைப்பூசத்துக்குத் தேங்கா ஒடைக்கலாம்" என்றார் வீட்டுக்காரர். தப்பு என்னுடையதுதான். மாவைச் சமையலறை வெப்பத்தில் இரவெல்லாம் விட்டுவிட்டேன்; அது பொங்கி, களைத்து, அமுங்கிவிட்டது. நம் ஊரில் நாலு மணி நேரம் வெளியில், பிறகு இரவு முழுவதும் ஐஸ் பெட்டியில் என்று மாற்றிய பிறகே சரியாக வந்தது. கனமான மூடி போட்ட சட்டியை அடுப்புப் பெட்டியில் நன்றாகச் சூடாக்கி, அதற்குள் வைத்து, 230 டிகிரியில் இருபது நிமிடம் மூடியும் இருபது நிமிடம் திறந்தும் சுட வேண்டும். மூடிக்குள் தங்கும் ஆவிதான் ரொட்டி நன்றாக எழும்ப உதவுகிறது.

"அவ கை வச்சா மாவு நல்லாப் பொங்கும்" என்று நம் பெண்கள் சொல்வார்களே, அது வெறும் பேச்சு இல்லை. பெல்ஜியம் நாட்டில் சாங்க்ட் விட் என்னும் ஊரில், உலகெங்குமிருந்து வந்த புளித்த மாவுகளைப் போத்தல்களில் பாதுகாக்கும் நூலகம் ஒன்று 2013இலிருந்து இருக்கிறது. பல நாட்டு ரொட்டிக்காரர்களுக்கு ஒரே வகை மாவைக் கொடுத்துப் புளிக்க வைக்கச் சொல்லி, பிறகு அந்த ஊரில் அவர்களை ஒன்றுகூட்டி, மாவையும் அவர்கள் கைகளையும் ஆராய்ந்தார்கள். 2020இல் முடிவு வெளியாயிற்று. மாவில் இருந்த நுண்ணுயிர்கள் பல அவர்கள் கைகளிலும் இருந்தன. நாம் கைப்பக்குவம் என்று சொல்லி வந்ததற்கு அவர்கள் ஆராய்ந்து சான்று காட்டியிருக்கிறார்கள்.

ரொட்டி நன்றாக வந்த அன்று இரவு பாட்டியை அழைத்து வந்தோம். கோழிக் கறி வைத்து, ரொட்டியை முழுதாக நடுவில் வைத்தேன். பிள்ளைகள் கத்தியை எடுத்தார்கள். பாட்டி வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, தம் கையாலேயே பிய்த்தார். மேல் தோலை ஆளுக்கொரு துண்டாகக் கொடுத்தார். பிறகு மூக்கருகில் கொண்டு போய் முகர்ந்து பார்த்தார். முகம் மாறியது.

"இதுல என்னா ஊத்துன?" என்றார்.

"ஒண்ணும் ஊத்தல பாட்டி. மாவும் தண்ணியும் உப்பும்தான்."

நம்பவில்லை. போத்தலைக் கொண்டு வரச் சொன்னார். திறந்து பார்த்தார், விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, "நாளைக்குப் பச்சரிசி ஊறப் போடு. தேங்கா ஒண்ணு வாங்கி வையி" என்றார்.

மறுநாள் அரிசி மாவில் அந்தப் போத்தலிலிருந்து இரண்டு கரண்டி ஊற்றிக் கலந்தார். அதற்கடுத்த நாள் விடிகாலையில் மாவு பொங்கி நின்றது. எங்கள் வீட்டில் ஆப்பச் சட்டி கிடையாது; பக்கத்து வீட்டுக்கு ஓடிப் போய் என் மகள் வாங்கி வந்தாள். ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு பாட்டி ஆப்பம் சுட்டார். முதல் இரண்டும் சட்டியில் ஒட்டிக்கொண்டன. மூன்றாவது, ஓரம் பூவேலை செய்ததுபோல் மொறுமொறுவென்று வந்தது. அதைத் தட்டில் போட்டு என் மகளிடம் நீட்டி, "இந்தா, பசியாறிட்டு பள்ளிக்கூடம் போ" என்றார்.